குளிச்சிட்டு வரட்டும்

பட்டர்வொர்த்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

என் மச்சான் ஞாபகம் இருக்கிறாரா? இருபது வருடமாக அவரை முன்கோபி என்றே சொல்லிவந்தேன். இந்தத் தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் அவரோடு தண்ணீர்ப் பந்தலில் நின்றேன். விடியற்காலை இரண்டு மணி இருக்கும். ஒரு பையன் சூடான பாலை அவர் காலிலேயே கொட்டிவிட்டான். "பரவாயில்ல தம்பி, நீங்க குடிங்க" என்று வேறொரு கப்பை நீட்டினார். எனக்கு நம்பவே முடியவில்லை.

அப்புறம் எங்கள் வீட்டுக் கூரை வேலைக்காக இரண்டு வாரம் அவர் வீட்டில் தங்கினேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை முடிந்து, பினாங்குப் பாலத்து நெரிசலில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்து இறங்குகிற முதல் அரைமணி நேரம்தான் அந்தக் கோபமெல்லாம். நான் வழக்கமாகப் போய் நின்றதும் அதே நேரத்தில்தான். அக்காவுக்கு இது என்றைக்கோ தெரியும். பிள்ளைகள் எதையாவது கேட்கப் போனால், "அப்பா குளிச்சிட்டு வரட்டும்" என்பார்.

வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் இதைத்தான் கோடைமுகாம் பிள்ளைகளிடம் பார்த்தார். ஒரு பிள்ளை கூட்டாளி சீண்டினால் பொறுத்துக்கொள்ளும், பெரியவர் கண்டித்தால் சீறும். இன்னொன்று நேர்மாறு. அந்தந்தப் பிள்ளைக்கு அது மாறாமல் திரும்பத் திரும்ப வந்தது. ஆகவே சுபாவமே பொய் என்று நான் சொல்லவில்லை. எப்போது எப்படி என்பதுதான் ஒருவருடைய சுபாவம்.

இன்னொரு ஆய்வு, 1973-இல் வெளிவந்தது. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு மாணவர்கள் 40 பேர். பேச்சுக் கொடுக்கப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகும் வழியில் ஒருவர் இருமி முனகிக்கொண்டு சரிந்து கிடக்கிறார். நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். அடிபட்டவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையைப் பற்றிப் பேசப் போனவர்களும் அப்படித்தான். இதைப் படித்த அன்று வெகுநேரம் தூக்கம் வரவில்லை. நானாக இருந்தால் நின்றிருப்பேனா?

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அன்று உன் தம்பி வரவில்லை. தப்புதான். ஆனால் அதற்கு முன் பத்து வருடம் மாதம் தவறாமல் அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போனவனும் அவன்தானே. அன்று அவனுக்கு என்ன இக்கட்டு என்று நீ கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

அடுத்த மாதம் இடிஎஸ் ரயிலில் கோலாலம்பூர் வருகிறேன். சென்ட்ரல் ஸ்டேஷனில் வந்து கூட்டிக்கொள். அங்கிருந்து நேராக அவன் வீட்டுக்குப் போவோம், சரியா?

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்