அட்ஜஸ்டர் யாருடைய ஆள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெக்சாஸில் ஆலங்கட்டி மழையில் அடிபட்ட வீடுகளைப் பற்றி போன வாரம் எழுதியிருந்தீர்கள். 'அட்ஜஸ்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார்' என்று அதில் நாலு இடத்தில் வருகிறது, எந்த அட்ஜஸ்டர் என்று ஓரிடத்திலும் இல்லை. அதைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். சேதத்தைப் பார்த்து இன்சூரன்ஸ் பணம் எவ்வளவு என்று கணக்குப் போடுபவர்தான் அட்ஜஸ்டர், எட்டு வருஷமாக எனக்குச் சோறு போடுவது இந்த வேலைதான்.

அந்த ஒரே பெயரில் மூன்று விதமான ஆட்கள் வருவார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் சம்பளம் வாங்குபவர் ஒருவர். கிளெய்ம், அதாவது சேதத்துக்குப் பணம் கேட்டு வரும் விண்ணப்பங்கள், குவியும்போது கம்பெனி வெளியிலிருந்து கூப்பிடும் ஆள் இன்னொருவர், இவருக்கு இண்டிபெண்டென்ட் அட்ஜஸ்டர் என்று பெயர், நான் அந்த ரகம். பெயரில்தான் சுதந்திரம், காசு கொடுப்பது கம்பெனி. மூன்றாமவர் பப்ளிக் அட்ஜஸ்டர். இவரை அமர்த்துவது வீட்டுக்காரர், கிளெய்மில் வரும் பணத்தில் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொள்வார். 'பப்ளிக்' என்றதும் கவர்மென்ட் ஆள் என்று நினைத்து உள்ளே உட்காரவைத்து காபி கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, இவர்களுக்கு லைசென்ஸ் யார் கொடுப்பது? 1945-ல் வந்த மெக்காரன்-ஃபெர்குசன் சட்டம் இன்சூரன்ஸைக் கவனிக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டுவிட்டது, அதனால் ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு ஒரு விதி வைத்திருக்கிறது. டெக்சாஸில் நான் 40 மணி நேரப் பாடம் படித்து, பரீட்சை எழுதி, கைரேகை கொடுத்து லைசென்ஸ் வாங்கினேன், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 24 மணி நேரம் மறுபடி படித்துக் காட்ட வேண்டும். இதே வேலையை இல்லினாய்ஸிலோ ஒஹையோவிலோ பென்சில்வேனியாவிலோ செய்ய இண்டிபெண்டென்ட் அட்ஜஸ்டருக்கு மாநில லைசென்ஸே கேட்பதில்லை. ஆனால் அங்கேயே வீட்டுக்காரர் பக்கம் நிற்கும் பப்ளிக் அட்ஜஸ்டருக்கு லைசென்ஸ் கட்டாயம். கம்பெனிக்காக வந்து உங்கள் சேதத்துக்கு விலை எழுதுபவர் காகிதம் எதுவும் காட்ட வேண்டாம், உங்களுக்காகப் பேச வருபவர் காட்ட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயமோ, இத்தனை வருஷத்தில் எனக்குப் புரியவில்லை.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. சொந்த மாநிலத்தில் லைசென்ஸ் முறையே இல்லாதவர் வெளி மாநிலத்துக்கு வேலைக்குப் போக வேண்டுமே, அதற்காக டெக்சாஸையோ ஃபுளோரிடாவையோ தன் 'வீட்டு மாநிலம்' என்று அறிவித்து அங்கே பரீட்சை எழுதிக்கொள்ளலாம், அதை வைத்து மற்ற பல மாநிலங்களில் பரீட்சை எழுதாமலே லைசென்ஸ் கிடைக்கும். போன சீசனில் என்னோடு கூரை ஏறியவர் சிகாகோக்காரர், டெக்சாஸில் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை, காகிதப்படி அவருக்கும் எனக்கும் ஒரே ஊர்! நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் இந்தப் பருப்பு வேகாது, அந்தந்த மாநிலத்தின் பரீட்சையை எழுதித்தான் ஆக வேண்டும். பெரும் புயல் அடித்தால் பல மாநிலங்கள் கம்பெனி கேட்டுக்கொண்டதன் பேரில் தற்காலிக அனுமதியும் கொடுக்கின்றன. அப்படி வருபவர்களில் திறமைசாலிகளும் உண்டு, முந்தாநாள் வரை கார் விற்றுக்கொண்டிருந்தவர்களும் உண்டு.

பப்ளிக் அட்ஜஸ்டர் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. அலபாமாவில் அந்தத் தொழிலுக்கே இடமில்லை, வக்கீல் அல்லாதவர் வக்கீல் வேலை பார்த்ததாகக் கணக்கு. எல்லையைத் தாண்டி ஃபுளோரிடாவுக்குள் போனால் அதற்கே லைசென்ஸ் தருகிறார்கள். அவர் வாங்கும் பங்குக்கு டெக்சாஸில் உச்ச வரம்பு 10 சதவீதம், நியூயார்க்கில் 12.5. ஃபுளோரிடாவில் 20, ஆனால் கவர்னர் அவசரநிலை அறிவித்த புயல் என்றால் முதல் ஒரு வருஷத்துக்கு 10-தான். எனவே 'எல்லா ஊரிலும் 20 சதவீதம்தான் சார்' என்று டெக்சாஸில் ஒருவர் சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது எங்கள் தெருவில் நடந்தது. மழை அடித்த மறுநாள் ஏணியோடு ஒருவர் வந்தார். எங்கள் வேலையில் கூரையின் ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடி சாக்பீஸால் கட்டம் போட்டு, அதற்குள் எத்தனை இடத்தில் ஆலங்கட்டி அடித்திருக்கிறது என்று எண்ணுவோம், தகரத் தாழ்வாரத்தில் பள்ளம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்போம். அவரும் கட்டம் போட்டார், போட்டோ எடுத்தார், பார்த்தால் அசல் அட்ஜஸ்டர்தான். இறங்கி வந்து, 'கூரையையும் நானே மாற்றிவிடுகிறேன், இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் நானே பேசி முடித்துவிடுகிறேன்' என்று சொல்லி, பக்கத்து வீட்டு அண்ணனிடம் டேப்லெட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் மென்பொருள் கம்பெனியில் ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்துத் திருத்துகிறவர், இதை மட்டும் படிக்கவில்லை.

டெக்சாஸ் சட்டப்படி ஒரே வீட்டில் கூரை வேலையும் செய்து, அதே வீட்டின் கிளெய்முக்காகப் பேசவும் கூடாது, பப்ளிக் அட்ஜஸ்டர் லைசென்ஸ் இருந்தாலும் கூடாது. இது பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று ஒரு கூரை நிறுவனம் வழக்குப் போட்டு, 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல் சட்டத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. காரணம் எளிது. கிளெய்ம் தொகை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவும் அவர் பில்லுக்கே போகிறது, அப்புறம் அவர் யாருக்காகப் பேசுவார்? சட்டத்தை மீறிப் போட்ட அந்த ஒப்பந்தத்தை வேண்டாம் என்று சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. முறையாக லைசென்ஸ் உள்ள பப்ளிக் அட்ஜஸ்டரோடு போட்டதாக இருந்தாலும் 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம்.

இனி இப்படிக் கட்டுரை போடும்போது, வாசலில் நிற்பவரிடம் 'உங்களுக்குக் காசு கொடுப்பது யார், இந்த மாநிலத்தில் உங்கள் லைசென்ஸ் எண் என்ன' என்று கேட்கச் சொல்லி ஒரு பெட்டிச் செய்தி சேர்த்துவிடுங்கள். மாநில இன்சூரன்ஸ் துறையின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். அண்ணனின் ஆளைத் தேடிப் பார்த்தோம், பெயரே இல்லை. திங்கட்கிழமை ரத்துக் கடிதம் அனுப்பிவிட்டார், பதில் இன்னும் வரவில்லை. அந்தக் கம்பெனியின் விளம்பரப் பலகை மட்டும் அவர் புல்வெளியில் நிற்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
டாலஸ், டெக்சாஸ்