ரூட்டரை மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வைஃபையில் வீடியோ சுற்றிக்கொண்டே நின்றால் உடனே புது ரூட்டர் வாங்கிவிடுவது சேலத்தில் வழக்கமாகிவிட்டது. கடைக்குப் போனால் ஆறு ஆன்டெனா வைத்த மாடலைக் காட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி மாட்டிய பிறகும் படுக்கையறையில் அதே சுற்றல்தான். கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அரை மணி நேரத்தில் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். வாசகர்களுக்கு வீண் செலவு குறையட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில் லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, லேன் கேபிளால் ரூட்டரில் நேராகச் செருகி வேகத்தைப் பாருங்கள். 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) திட்டத்தில் கேபிளிலேயே 15தான் வருகிறது என்றால் அது வைஃபை பிரச்சினை அல்ல. இணைப்பு கொடுத்தவரைத்தான் கூப்பிட வேண்டும். 200, 300 எம்பிபிஎஸ் திட்டம் போட்டும் அளவு 94, 95ஐத் தாண்டவில்லை என்றால், வழியில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் போர்ட் (கேபிள் செருகும் துளை) இருக்கலாம். பெட்டியில் 'ஏசி 1200' என்று வைஃபை வேகத்தைப் பெரிதாக அச்சிட்டுவிட்டு, பின்புறம் 100 எம்பிபிஎஸ் போர்ட் மட்டுமே வைத்த மாடல்கள் நிறைய இருக்கின்றன. லேப்டாப்பின் போர்ட்டும் பழசாக இருக்கலாம். கேபிளையும் விட்டுவிடக் கூடாது. கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பியும் சேர வேண்டும். நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒரு கம்பி பிடிக்காமல் போனாலும் நெட் வரும், ஆனால் வேகம் 100க்கு இறங்கிவிடும். நெட் நிற்காததால் யாரும் கேபிளைச் சந்தேகிப்பதில்லை. முனையை வெட்டி, புது பிளக் வைத்து அழுத்திப் பொருத்தினால் (கிரிம்ப்) போதும்.

கேபிளில் வேகம் சரியாக இருந்தால், ரூட்டரிலிருந்து ஆறடியில் போனை 5 கிகாஹெர்ட்ஸில் (வைஃபையின் வழக்கமான இரண்டு அலைவரிசைகளில் வேகமானது; மற்றது 2.4) இணைத்துப் பாருங்கள். பிறகு குறை சொல்லும் அறையில் பாருங்கள். சிக்னலின் பலத்தை டிபிஎம் என்ற அளவில் காட்டும் இலவச ஆப்கள் உண்டு. எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் பலம். மைனஸ் 67 டிபிஎம் வரை வீடியோவுக்குப் போதும். மைனஸ் 75க்கும் கீழே இறங்கினால் தடுமாறும். பக்கத்தில் நன்றாக வந்து உள்ளறையில் விழுந்தால், ரூட்டர் வைத்த இடம்தான் தப்பு. ஃபைபர் (ஒளியிழை) கேபிள் நுழையும் தெருப்பக்க அறையிலேயே, பெரும்பாலும் டிவிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவை ஒட்டியோ, பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினாலே 5 கிகாஹெர்ட்ஸ் மிகவும் மெலிந்துவிடும். ஒரு லேன் கேபிள் இழுத்து ரூட்டரை ஹாலின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் வைத்துப் பாருங்கள்.

சேலத்தின் குகை, அம்மாபேட்டை, செவ்வாப்பேட்டை பகுதிகள் போல வீடுகள் ஒட்டியிருக்கும் தெருக்களின் நிலைமை வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. இருபது வீட்டு ரூட்டர்கள் அந்த மூன்றைப் பங்குபோடுகின்றன. அங்கே சிங்கிள் பேண்ட் (2.4 மட்டும்) பெட்டி வைத்திருப்பவர்கள் தயங்காமல் டூயல் பேண்டுக்கு (2.4, 5 இரண்டும்) மாறலாம். வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

ஏற்காட்டில் இந்த நெரிசல் குறைவு. அங்கே எதிரி பழைய பங்களாக்களின் கனமான கல்சுவர். எவ்வளவு விலை உயர்ந்த ஒற்றை ரூட்டரும் அதை ஊடுருவாது. மெஷ் கருவிகளை (ஒன்றிடமிருந்து ஒன்று வைஃபையை வாங்கிப் பரப்பும் பெட்டிகள்) வயரில்லாமல் இணைத்தாலும், ஒரே பேண்டில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும்போது வேகம் பாதியாகும். பகுதிக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டி) வைத்து கேபிளில் இணைப்பதே சரி. ஆனால் தனித்தனிக் கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிளை வெளியில் இழுக்கவே இழுக்காதீர்கள். கோடை இடி மின்னலில் அதில் தூண்டப்படும் மின்னழுத்தம் இரு முனைப் போர்ட்டுகளையும் பொசுக்கிவிடும். தாங்கும் இரும்புக் கம்பிக்குப் பதில் எஃப்ஆர்பி (மின்சாரம் கடத்தாத கண்ணாடியிழை பிளாஸ்டிக்) கம்பி வைத்த ஃபைபரும், அதை இரு முனையிலும் லேன் கேபிளோடு இணைக்கும் இரண்டு மீடியா கன்வெர்ட்டர்களும் போடுங்கள்.

அடிக்கடி அணைந்து எரியும் ரூட்டருக்குப் பல நேரம் அடாப்டர்தான் காரணம். உள்ளே கெபாசிட்டர் தேய்ந்துவிட்டால், எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் இரவில் வோல்டேஜ் இறங்கி ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். அதே வோல்ட், அதே பின், அதே பொலாரிட்டி (பிளஸ், மைனஸ் அமைப்பு) பார்த்து மாற்றுங்கள். ஆம்ப் கூடலாம், குறையக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றித்தான் ஆக வேண்டியவர்கள் உண்டு. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் திட்டம் போட்டுச் சிங்கிள் பேண்ட் பெட்டியோ 100 எம்பிபிஎஸ் போர்ட்டோ வைத்திருப்பவர்கள், தயாரிப்பாளர் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்ட மாடல் வைத்திருப்பவர்கள் வாங்கத்தான் வேண்டும். கிகாபிட் போர்ட் உள்ள வைஃபை 6 (வைஃபையின் ஆறாம் தலைமுறை) டூயல் பேண்ட் தாராளமாகப் போதும். வைஃபை 7க்குக் கூடுதல் காசு கொடுக்கும் முன் வீட்டிலுள்ள போன்களைப் பாருங்கள். வைஃபை 5 போன் அதில் வைஃபை 5ஆகத்தான் இயங்கும்.

புது ரூட்டரை ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் மாட்டும்போது இரண்டுக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி இருந்தால் எந்த இணையப் பக்கமும் திறக்காது. ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் புதியதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை வேன் போர்ட்டில் (வெளி இணைப்புக்கான துளை) செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள்.

இணைப்பு கொடுப்பவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெட்டி சிங்கிள் பேண்டா டூயல் பேண்டா, போர்ட் வேகம் எவ்வளவு என்பதை ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். பிபிபிஓஇ (ரூட்டர் நெட்டில் நுழையும் முறை) யூசர் நேம், பாஸ்வேர்டையும் வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுங்கள். அது கையில் இல்லாததால்தான், ரூட்டரை ரீசெட் செய்துவிட்ட வீட்டுக்காரர் ஆள் வரும்வரை நெட் இல்லாமல் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அழகாபுரம், சேலம்.