தெருவிளக்கும் வீட்டு வரியும்

அன்புள்ள முருகேசா,

முழங்காலுக்கு ஊசி போட்டதாக உன் மகள் சொன்னாள். கொஞ்ச நாளைக்கு மாடி ஏறாதே. இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை.

போன வெள்ளிக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு டெட்ராய்ட் ஓவியக்கூடத்துக்குப் போயிருந்தேன். திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. உட்வர்ட் சாலையிலிருந்து ஏதோ ஒரு தெருவுக்குள் தப்பாகத் திரும்பிவிட்டேன். 2013 வாக்கில் என்றால் வயிற்றைக் கலக்கியிருக்கும். இப்போது தெரு முழுக்க வெள்ளை வெளிச்சம். காரை ஓரங்கட்டி, நிதானமாக வழி பார்த்துக் கிளம்பினேன். உடனே உன் ஞாபகம்தான் வந்தது.

நீ பில் கலெக்டராக இருந்தபோது, வரி பாக்கி கேட்கப் போன வீட்டில் ஓர் அம்மா உன்னைத் தெருவுக்குக் கூட்டிவந்து, எரியாத விளக்குக் கம்பத்தைக் காட்டி, "இதுக்குத்தான் வரியா?" என்று கேட்டாரே! டெட்ராய்ட்டில் பாதி ஊர் அந்த அம்மா மாதிரிதான் இருந்தது. 2011-ஆம் ஆண்டு வரியைக் கிட்டத்தட்டப் பாதிச் சொத்துகளுக்குக் கட்டவில்லை. எப்படிக் கட்டுவார்கள்? 88,000 தெருவிளக்குகளில் ஏறக்குறைய 40 சதவீதம் எரியவில்லை. அவசரம் என்று கூப்பிட்டால் போலீஸ் வரச் சராசரியாக 58 நிமிடம். 1950-இல் 18.5 லட்சம் பேர் இருந்த ஊர் 7 லட்சத்துக்கு வந்துவிட்டது. போனவர்கள் வரியையும் கொண்டுபோனார்கள், கடன் மட்டும் தங்கிவிட்டது. 2013 ஜூலை 18 அன்று சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு மஞ்சள் கடுதாசி கொடுத்தது நகராட்சி.

அந்த நிலையிலும் விளக்குக்குக் கடன் வாங்கினார்கள் பார், அதுதான் சாமர்த்தியம். திவாலான ஊரை நம்பி யார் தருவார்கள்? விளக்குக்கென்றே தனி ஆணையம் அமைத்து, மின்கட்டணம் போன்றவற்றோடு வசூலாகும் வரியில் ஆண்டுக்கு 1.25 கோடி டாலரை அதற்கே ஒதுக்கி, அதைக் காட்டிக் கடன் வாங்கினார்கள். மொத்தச் செலவு சுமார் 18.5 கோடி டாலர். 2016 முடிவதற்குள் 65,000 எல்.இ.டி. விளக்குகள் எரிந்தன. செம்புக் கம்பியைத் திருடர்கள் உருவிக்கொண்டு போனதால் அலுமினியக் கம்பி போட்டார்கள். நம்மூரில் மோட்டார் வயர் திருடுபவர்களுக்கு இவர்கள் சளைத்தவர்கள் இல்லை!

கடன்காரர்களோடு நீதிமன்றத்தில் முடித்துக்கொண்ட ஏற்பாட்டிலும், சேவைகளைச் சீராக்கப் பத்தாண்டுகளில் சுமார் 170 கோடி டாலர் என்று சேர்த்தே எழுதினார்கள். எல்லாவற்றையும் கடனுக்கே கட்டியிருந்தால் அடுத்த வருடம் வரி கட்ட யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. சாதாரண நகராட்சி ஊழியர்களின் ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் வெட்டு, வருடாந்திர உயர்வும் போயிற்று. நீயும் ஓய்வூதியக்காரன், உனக்குத் தெரியும். நான் பேத்தியோடு போன அந்த ஓவியக்கூடத்தின் ஓவியங்களைக் கடனுக்காக விற்காமல் காப்பாற்றவும் வெட்டைக் குறைக்கவும் அறக்கட்டளைகளும் மாநில அரசும் பணம் போட்டதால் இதோடு தப்பினார்கள். அப்புறம், வீட்டின் விலை பாதாளத்துக்குப் போன பிறகும் பழைய மதிப்பிலேயே வரி போட்டார்கள். கட்ட முடியாமல் வீட்டையே இழந்த ஏழைகள் ஏராளம். ஊர் முழுக்க மறுமதிப்பீடு முடிந்தது 2017-இல்தான். விளக்கை மாற்றிய வேகம் இதில் இல்லை.

ஏப்ரலில் வருகிறேன். அந்த அம்மா வீட்டுப் பாக்கி கடைசியில் வசூலானதா இல்லையா என்று நீ சொல்லவே இல்லையே. நேரில் சொல்.

அன்புடன்,
சிவா