அமர அனுமதி வேண்டி: ஜவுளிக்கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். கடை ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமர்ந்துகொள்ளலாம் என்று, 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் செய்யப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். நான் வேலை பார்க்கும் கடையிலும் அதற்குப் பிறகு தளத்துக்குத் தளம் ஸ்டூல்கள் வந்தன. இன்று அவற்றின் மேல் சேலைப் பெட்டிகள்தாம் இருக்கின்றன.

சென்ற வாரம், சேலைப் பிரிவில் எங்களுக்கெல்லாம் மூத்தவரான அக்கா ஒருவர், வாடிக்கையாளர் யாரும் இல்லாத பிற்பகலில், ஒரு பெட்டியை இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலில் அமர்ந்தார். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்து, மாலையானால் செருப்புக்குள் பாதம் நுழையாத அளவுக்கு அவருக்கு வீக்கம் இருப்பது தளத்தில் எல்லாருக்கும் தெரியும். கேமராவில் பார்த்துவிட்டு வந்த சூப்பர்வைசர், "உட்காருவதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே" என்றார். மகள் வயதுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா எழுந்து, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த சேலைகளைப் பிரித்து மறுபடியும் மடிக்கத் தொடங்கினார். சம்பளத்தில் கை வைத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு அந்த ஸ்டூலின் பக்கம் யாரும் போவதில்லை.

ஆகவே, இன்னும் நான்கு இருக்கைகள் வாங்கிப் போடுவதால் எங்கள் குறை தீராது. கடை திறக்குமுன் நடக்கும் காலை வழிபாட்டில், நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்று சொல்கிறீர்கள். அதை நாங்கள் நம்ப விரும்புகிறோம். தீபாவளி நெருக்கடியில் இரவு வெகுநேரம் வரை நின்று விற்றதும் அந்த நம்பிக்கையில்தான். அதே வழிபாட்டில், சூப்பர்வைசர்களும் கேட்கும்படி, "வாடிக்கையாளர் இல்லாதபோது அமருங்கள்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தால் ஸ்டூல்களை எண்ணிப் பார்க்கலாம். அதில் அமர்பவரை யாரும் முறைக்காத சூழலை நீங்கள்தாம் உண்டாக்க முடியும்.

பணியாளர் அமர்ந்திருந்தால் வாடிக்கையாளர் தம்மை மதிக்கவில்லை என்று நினைப்பார் என்கிறார்கள் மேலாளர்கள். வங்கியில் அமர்ந்தபடி பணம் எண்ணித் தருபவரை யாரும் அப்படி நினைப்பதில்லை. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் உள்ளிட்டோர் ஆண்டுக்கணக்கில் போராடியதால், கேரளத்தில் 2018லேயே இந்த உரிமை சட்டமானது. அங்கேயும் கழிப்பறை ஒரு பெரும் கோரிக்கையாக இருந்தது. இங்கே கழிப்பறைக்குப் போகவும் நோட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டியிருப்பதால், தாகமெடுத்தாலும் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பெண்கள் பழகிக்கொள்கிறார்கள். தொழில் பழகிய ஆட்கள் நிலைப்பதில்லை என்று வருந்தும் நீங்கள், விலகிப் போகிறவர்களிடம் ஒருமுறை காரணம் கேட்டுப் பாருங்கள்.

அவற்றையெல்லாம் பின்னர்ப் பேசலாம். வாடிக்கையாளர் இல்லாத வேளையில் அமரலாம் என்பதை, ஆடித் தள்ளுபடி தொடங்குமுன் ஒவ்வொரு கடையிலும் எல்லார் முன்னிலையிலும் அறிவிக்குமாறும், அமர்ந்ததற்காக எவரையும் கடிந்து பேசக் கூடாது என்று சூப்பர்வைசர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சேலைப் பிரிவு விற்பனைப் பணியாளர்கள் சார்பில் ஒருவர்