செயலாளரின் ஆண்டறிக்கை: இடையன்குடி சேகரத்து நிலம், நூறு ஆண்டுகளில்

ஐயரவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

மழை மாதங்கள் இரண்டு நீங்கலாக இந்த ஆண்டு மாதந்தோறும் கூடினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நூறு வருஷத்துக்கு முன் நம் சேகரத்து (நம் திருச்சபை வட்டாரத்து) நிலம் எப்படி இருந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதியதுதான் இந்த ஆண்டு நாம் செய்த முக்கிய வேலை.

அன்று பனங்காடு, உடை என்ற முள்மரங்கள் நின்ற உடங்காடு, அதைத் தாண்டினால் தேரி என்கிற செம்மணல் மேடு. ஆனி, ஆடிக் காற்றில் தேரி மணல் நகர்ந்து வேலியை மூடிவிடும். பனை பருவம் வந்தால் குடும்பமே விளைக்குள் (பனந்தோட்டத்துக்குள்) விடிலி என்கிற ஓலைக் குடிசை போட்டுத் தங்கும். அப்பா விடியுமுன் ஏறிப் பதனீர் இறக்குவார், அம்மா கருப்பட்டி காய்ச்சுவார். உடை விறகின் புகை வாசனையைச் சொல்லும்போது ஒரு பாட்டிக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தப் பனையேறிகளின் ஊரில்தான் 1841-ல் மிஷனரி கால்டுவெல் ஐயர் வந்து தங்கினார். 1880-ல் நம் திரித்துவ ஆலயம் பிரதிஷ்டையானது. பள்ளிக்கூடமும் வந்தது. படித்த பிள்ளைகள் மரம் ஏறவில்லை. அதில் எனக்கு வருத்தமே கிடையாது. தினமும் உயிரைப் பணயம் வைக்கிற வேலை அது, என் தாத்தா விழுந்துதான் இறந்தார். ஆனால் ஏற ஆளில்லை என்றதும் மரத்தையே செங்கல் சூளைக்கு விற்றோமே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வெட்டிய இடத்தில் சீமைக்கருவேலம் ஏறியது. ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் முருங்கை வைத்தார்கள்; திசையன்விளைப் பக்கம் பலருக்கு இன்று அதுதான் பிழைப்பு. அப்புறம் காற்றாலைகள் வந்தன. மணலைத் தூக்கிப்போட்ட அதே காற்றில் இப்போது மின்சாரம். தூரத்திலிருந்து பார்த்தால் பசுமைதான். ஆனால் வடலி, பாளை, கலயம், மிருக்குத்தடி என்று பனையேறிகளின் சொற்களைச் சொன்னால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் விழிக்கிறார்கள்.

பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு 2021-ல் அறிவித்தது. உறுப்பினர்கள் இதை அக்கம்பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டும்.

விளைகளின் பழைய பெயர்களைச் சேர்ப்பது இன்னும் முடியவில்லை. வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் காட்டுங்கள், பார்த்து எழுதிக்கொண்டு அன்றே திருப்பித் தருகிறோம். பனங்கொட்டைகளை ஆவணிக்குள் சேர்த்துவிட்டால் ஐப்பசி மழைக்கு ஊன்றலாம். பனை பாளை (பூங்குலை) விட 12, 15 வருஷமாவது ஆகும், அதனால் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்