அப்பாவின் செட்டைப் பற்றி

பசுமலை, மதுரை
கார்த்திகை மாதம், ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நான் நலமாக இருக்கிறேன். சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறேன். நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அங்கே குளிர் தொடங்கியிருக்கும். வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ. சிறு வயதிலிருந்தே உனக்குக் குளிர் காதில்தான் முதலில் பிடிக்கும்.

கைபேசியில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பி நீ முடித்துவிடுவாய் என்பதால் தாளில் எழுதித் தபாலில் போடுகிறேன். உனக்கு வேலை மிகுதி என்று எனக்குத் தெரியும். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன என்று நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. காலண்டரில் தாள் கிழிக்கும்போது தானாகக் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். எழுத வந்த காரியம் வேறு. அப்பாவின் ரேடியோ செட்டை என்ன செய்யட்டும் என்று நான் கேட்டதற்கு, "தூக்கிப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். கோபத்தில் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தூக்கிப் போடுவதற்கு அது ஓட்டைக் குடம் இல்லை. உரிமம் பெற்றவர் போன பிறகு, உரிமம் இல்லாத என் போன்றவர் வீட்டில் டிரான்ஸ்மிட்டர் இருக்கக் கூடாது என்றும், பழைய இரும்புக்காரரிடம் போடுவதும் தவறு என்றும், உரிமம் உள்ள இன்னொருவர் கையில் முறைப்படி சேர்ப்பதே சரி என்றும் அப்பாவின் திண்டுக்கல் நண்பர் வந்து சொன்னார். தை பிறந்ததும் அவரே வந்து எடுத்துக்கொள்வார். இறந்துபோன அமெச்சூரை, அதாவது அப்பாவைப் போலப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிறவரை, இவர்கள் இறந்தார் என்று சொல்வதில்லையாம். 'சைலன்ட் கீ' ஆகிவிட்டார் என்பார்களாம். தந்தி அடிக்கும் சாவி ஓய்ந்துவிட்டது என்று பொருள். நாற்பது ஆண்டுகள் அவரோடு குடித்தனம் நடத்திய எனக்கு இந்தச் சொல் அவர் போன பிறகுதான் தெரிய வந்தது. இன்னும் எத்தனை சொற்கள் எனக்குத் தெரியாமல் அந்த அறைக்குள்ளேயே இருந்தனவோ.

மாடியில் தென்னைக்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவே, பக்கத்துக்கு ஐந்து மீட்டராக அவர் இழுத்துக் கட்டிய ஆண்டெனாக் கம்பி அப்படியேதான் தொங்குகிறது. ஐப்பசி மழையில் குழாய் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அடுத்த வீட்டார் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். அதையும் தையில் அவிழ்த்துவிடலாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ விமானம் ஏறிய மறுவாரம், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பழைய லைன்மேன் துக்கம் விசாரிக்க வந்திருந்தார். மின்வாரியத்தில் அப்பாவின் கீழ் வேலை பார்த்தவர். இப்போது அவருக்கே பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இரவு பத்து மணிக்கு மேல் அப்பா சட்டைப்பையளவு டிரான்சிஸ்டர் ஒன்றை நிலையம் எதுவும் பிடிக்காத இடத்தில் திருப்பி வைத்துக்கொண்டு திருநகர்ச் சாலையில் கம்பம் கம்பமாக நடப்பாராம். ஏதோ ஒரு கம்பத்தடியில் கரகரப்பு கூடும்; அங்கே நின்று சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி போட்டுவிட்டு வருவார். விடிந்ததும் மின்சாரத்தை நிறுத்தி ஏறிப் பார்த்தால் கம்பியைத் தாங்கும் 'பின்' இன்சுலேட்டரில் கட்டுக்கம்பி தளர்ந்து நுண்ணிய பொறி விட்டுக்கொண்டிருக்கும். "மழைக்கு முன்னாலேயே கண்டுபிடித்து எங்களை இரவு ஏற விடாமல் காப்பாற்றியவர், அம்மா" என்று அவர் கண்கலங்கினார். நான் மறுத்துச் சொல்லவில்லை. தன் செட்டில் இரைச்சல் வருகிறது என்ற எரிச்சலில்தான் அவர் கிளம்பிப் போவார் என்பது எனக்கும் உனக்கும் தெரியும். டார்ச் பிடித்துக்கொண்டு கூடப் போனவன் நீதானே. இரண்டுமே உண்மையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

உன்னைப் பற்றி அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததை நீ அறியமாட்டாய். காருக்கு ரேடார் செய்யும் இடத்தில் நீ வேலைக்குச் சேர்ந்ததும், "என் அலையின் நீளம் 20 மீட்டர், என் பையனுடைய அலை நான்கு மில்லிமீட்டர், 77 கிகாஹெர்ட்ஸில் அவனுடைய ஆண்டெனா நகக்கண்ணுக்குள் அடங்கிவிடும்" என்று பால்காரர் முதல் பத்திரிகை போடும் பையன் வரை எல்லோரிடமும் சொன்னார். உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. நீயும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. ரேடியோ என்ற பேச்சு இல்லாமலேயே இருபது ஆண்டுகள் இரண்டு ரேடியோக்காரர்கள் போனில் மழையையும் மாத்திரையையும் பேசிக்கொண்டிருந்தீர்கள். 2024 மே மாதத்தில், உங்கள் ஊர் வானத்தில் இளஞ்சிவப்பும் பச்சையுமாக ஒளி தோன்றியது என்று நீ அனுப்பிய படம் நினைவிருக்கிறதா? சூரியனிலிருந்து வந்த அந்தப் புயலால் அலைவரிசைகள் செத்துக்கிடக்க, என்ன ஆயிற்று என்று தெரியாமல் அப்பா காதுபேசியை மாட்டியபடி உட்கார்ந்திருந்தார். படத்தைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார். கொடைக்கானல் வான்காணகத்துக்கு உன்னைக் கூட்டிப்போய்ச் சூரியப் புள்ளிகளைக் காட்டியதையும், 1909இல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி அங்கேதான் அந்தப் புள்ளிகளுக்குள் வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார் என்று உனக்குச் சொன்னதையும், நீ அதைக் காதில் வாங்காமல் சோளக்கதிர் கேட்டதையும் அன்றைக்கு முழுவதும் என்னிடம் சொன்னார். படத்தைக் கடையில் அச்செடுத்துச் செட்டுக்கு மேலே ஒட்டினார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. காதை மூடிக்கொண்டு வெளியே போ என்று எழுதினேனா? எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அவருக்கும் உனக்கும் நடுவில் ஒரு மொழி இருந்தது. அதற்கு வழி காட்டியவள் நான் என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. மோர்ஸ் தந்திக் குறியீட்டில் 'டிட்' ஒரு பங்கு, 'டா' மூன்று பங்கு என்று அவர் உனக்குச் சொல்லிக்கொடுத்தபோது நீ நெடிலைப்போல இரண்டு மாத்திரையில் நிறுத்திக்கொண்டே இருந்தாய். அடுக்களையிலிருந்து நான்தான், "நெடில் இல்லையடா, அளபெடை, மூன்று மாத்திரை" என்றேன். அடுத்த நிமிடமே உனக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு தமிழாசிரியை அந்த வித்தைக்குச் செய்த ஒரே தொண்டு அது என்று அப்பா பலமுறை கேலி செய்திருக்கிறார்.

2004 டிசம்பர் 26ஆம் தேதி, அரையாண்டு விடுமுறை ஞாயிறு. சுனாமி வந்து அந்தமானோடு தொலைபேசித் தொடர்பே இல்லாதபோது, அமெச்சூர் நிலையம் நடத்துவதற்காகப் போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத் அங்கேயே தங்கிச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தார். அதைத் தொடர்ந்த நாட்களில் நீங்கள் இருவரும் அந்த அறையைவிட்டு வெளியே வரவில்லை. காதில் விழும் பெயர்களை உன் வடிவியல் நோட்டின் பின்பக்கத்தில் நீ எழுதிக்கொண்டே போனாய். பதின்மூன்று வயதுப் பிள்ளை, "இவர் உயிரோடு இருக்கிறாராம், அம்மா" என்று ஓடிவந்து யாரோ முகம் தெரியாதவரைப் பற்றிச் சொன்னதை நான் மறக்கவில்லை.

அந்த உற்சாகத்தில்தான் அடுத்த கோடையில் இரண்டு பேரும் சேர்ந்து அந்த அலுமினியப் பெட்டியைக் கட்டினீர்கள். ஐதராபாத் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற செட். வெளிநாட்டுச் சாமான் எதுவும் தேவையில்லை, கடையில் கிடைப்பதை வைத்தே செய்யலாம் என்று அப்பா குதித்தார். குழாய்ச் சாமான் கடைக்கு உன்னை அனுப்பி நைலான் வாஷர் வாங்கி வரச் சொல்லி, அதன்மேல் எனாமல் கம்பியை நீ சத்தமாக எண்ணிக்கொண்டே சுற்றுவாய். எண்ணிக்கை தவறினால் பிரித்துவிட்டு மறுபடியும் சுற்றுவாய். இரவு விளக்கைவிடக் குறைந்த மின்சாரம், ஆறு வாட். அதை வைத்துக்கொண்டு கொல்கத்தாவோடு பேசினீர்கள்.

இனி எழுதப்போவதை எழுதாமல் இந்தக் கடிதத்தை இங்கேயே முடித்துவிடலாம் என்று எழுந்து போய் விளக்கேற்றிவிட்டு வந்தேன். முடியவில்லை.

2005 ஆகஸ்ட் 14, சுதந்திர தினத்துக்கு முந்திய நாள் காலை, கொல்கத்தா நண்பரோடு பேசுவதாக நேரம் குறித்திருந்த அப்பா, செட்டைத் திறந்து அழைத்ததும் தீய்ந்த வாசனை வந்து அந்த ஐ.ஆர்.எஃப். 510 டிரான்சிஸ்டர் போனது. பின்னால் பார்த்தால் ஆண்டெனா கேபிளின் பிளக் மரை கழன்று, மாட்டியிருப்பதுபோல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. "பின்னால் கை வைத்தது யார்?" என்று உன்னைக் கேட்டார். நீ இல்லை என்றாய். மறுபடியும் கேட்டார். மறுபடியும் இல்லை என்றாய். அறைந்துவிட்டார். செட் போனதற்காக அவர் அடிக்கவில்லை, தம்பி. நீ பொய் சொல்கிறாய் என்று நினைத்து அடித்தார்.

அந்த பிளக்கைக் கழற்றியவள் நான்.

முந்திய இரவு கழற்றினேன். எனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். கொல்கத்தாவில் மழை எப்படி என்று தினமும் விசாரித்தவர், அடுத்த அறையில் படுத்திருந்தவளை ஏன் படுத்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. ஒரு நாளாவது அந்தப் பெட்டி ஊமையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆண்டெனா இல்லாமல் அழைத்தால் கருகிப்போகும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருக்கமாட்டேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தால், அதற்கும் நிச்சயமாகப் பதில் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அறை உன் கன்னத்தில் விழுந்த சத்தம் கேட்டபோது நான் இட்லிப் பானை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். நான்கே எட்டில் வந்து சொல்லியிருக்கலாம். மூடியைத் திறந்து, வெந்த இட்லிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தேன்.

அப்பா அந்த வாரமே டிரான்சிஸ்டரை மாற்றிவிட்டார். பக்கத்தில் உன் நாற்காலி ஒரு மாதம் கிடந்தது. நீ உட்காரவில்லை. அதன்பிறகு அது துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டது. நாளைக்குச் சொல்லலாம், தேர்வு முடியட்டும், கல்லூரியில் சேரட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பிறகு சொல்லி என்ன ஆகப்போகிறது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தேன். கடைசியாக மருத்துவமனையில், அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் இரவு, அவர் கண்ணை மூடியபடியே, "அவனுக்கு நல்ல கை" என்றார். தந்தி அடிக்கும் பாங்கைத்தான் இவர்கள் கை என்பார்கள். "அன்றைக்கு மட்டும் என் கை நீண்டுவிட்டது" என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நர்ஸ் வந்துவிட்டாள். நர்ஸ் வந்தது ஒரு சாக்கு. அவள் போன பிறகும் விடியும்வரை நேரம் இருந்தது.

போன மாதம் செட்டை எடுத்துவைக்கும்போது அந்த ஆண்டின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அந்தத் தேதியில், "ஆண்டெனா இணைப்பு இல்லை, சரிபார்க்காமல் அழைத்தது என் தவறு" என்று எழுதியிருக்கிறார். உன் பெயர் இல்லை. எழுதியவருக்கு அதை உன்னிடம் வந்து சொல்லத் தெரியவில்லை. உனக்கும் கேட்கத் தெரியவில்லை. உங்கள் இருவரையும் குறைசொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

திண்டுக்கல்காரரிடம் பேசினேன். பெரிய செட்டோடு அந்த அலுமினியப் பெட்டியையும் அவர் எடுத்துக்கொண்டுதான் ஆக வேண்டுமாம். நீ வருவதாக இருந்தால் மாசி வரைகூடக் காத்திருப்பதாகச் சொல்கிறார். நீ உரிமம் எடுத்தால் உன் பெயருக்கே மாற்றித்தர முடியுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே முடியும் என்றார். நான் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வரவில்லை என்றால் அதையும் ஒரு வரி எழுதிவிடு. கட்டைவிரல் படம் வேண்டாம். குழந்தைக்கும் தொப்பி போட்டு அனுப்பு, காது மூடும்படியான தொப்பி.

நீ சுற்றியதில் மிச்சமான இரண்டு சுருள்கள் பச்சை டிரங்குப் பெட்டியில் கிடந்தன. அவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்று திண்டுக்கல்காரரே சொல்லிவிட்டார். ஒன்றை இந்த உறைக்குள் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். தபால் அலுவலகத்தில் உள்ளே என்ன என்று கேட்டால், குழாய் வாஷர் என்று சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
அம்மா