அங்கே ஒரு பாடவேளை உட்காரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகிறார்கள். நல்ல காரியம். அங்கே கோபுரம், அருங்காட்சியகம் எல்லாம் பார்க்கட்டும். கூடவே, ஜப்பான் போகிறவர்களை அங்கே ஒரு சாதாரண அரசுப் பள்ளியில் ஆங்கில வகுப்பிலும் உட்கார வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

என் மகள் குடும்பம் டோக்கியோவில், நம்மவர்கள் நிறைய வசிக்கும் நிஷி கசாய் பக்கம் இருக்கிறது. பேத்தி அங்கே அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. வகுப்பு நடக்கும்போதே பெற்றோர் வந்து பார்க்கும் நாள் ஒன்று உண்டு. அன்று நானும் போனேன். வெளிச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கையோடு கொண்டுபோன வேறு செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றேன். 45 நிமிட ஆங்கிலப் பாடம்.

ஒரு பையன் எழுந்து, "ஐ ரைக்கு கரே ரைசு" என்றான். ஜப்பானிய மொழியில் லகரம் தனியாகக் கிடையாது. சொற்களும் பெரும்பாலும் உயிரோசையில்தான் முடியும், அதனால் மில்க் அவர்களுக்கு 'மிருக்கு'. நம் பிள்ளைகள் பஸ்ஸு, பேங்க்கு என்பதும் இதேபோலத்தானே! 32 வருடம் ஆங்கிலம் கற்பித்தவள் நான். என் வகுப்பாக இருந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்தியிருப்பேன். அந்த ஆசிரியை நிறுத்தவில்லை. "ஓ, யூ லைக் கறி அண்ட் ரைஸ்!" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். உட்கார்ந்த பையன் தனக்குள் "லைக், லைக்" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

பாடம் முடிந்ததும் இரண்டு சிறுமிகள் என்னிடம் வந்தார்கள். "சென்செய், வாட் ஃபுட் டூ யூ லைக்?" சென்செய் என்றால் ஆசிரியர். தோசை என்றேன். புரியவில்லை. நோட்டில் வட்டம் போட்டு, பக்கத்தில் சட்னிக் கிண்ணமும் வரைந்தேன். "பான்கேக்கி?" என்றாள் ஒருத்தி. இல்லை, அரிசியும் உளுந்தும் என்று விளக்க நான் பட்ட பாடு! கடைசியில் படத்துக்குக் கீழே தங்கள் எழுத்தில் 'தோசா' என்று எழுதிக்கொண்டார்கள். ஆங்கிலம் அவர்களுக்கும் சொந்த மொழி இல்லை, எனக்கும் இல்லை. அதனாலேயே ஒருவருக்கொருவர் கூச்சம் இல்லாமல் பேச முடிந்தது. நம் பிள்ளைகளுக்கும் இது கிடைக்க வேண்டும் என்றுதான் ஏங்குகிறேன்.

2020 முதல் அங்கே மூன்றாம், நான்காம் வகுப்பில் ஆண்டுக்கு 35 பாடவேளை ஆங்கிலம். கேட்பதும் பேசுவதும்தான், மதிப்பெண் கிடையாது. ஐந்தாம், ஆறாம் வகுப்பில் அது முறையான பாடமாகி 70 பாடவேளை ஆகிறது. ஆரம்பப் பள்ளி முடிவதற்குள் 600 முதல் 700 சொற்கள் பழகினால் போதும் என்பது கணக்கு. மற்ற பாடமெல்லாம் தாய்மொழியில். காது பழகிய பிறகே எழுத்து என்ற அந்த வரிசையை நம் ஆசிரியர்கள் நேரில் பார்க்க வேண்டும்.

மே மாதம் நமக்கு விடுமுறை. அங்கே முதல் வாரத் தொடர் விடுமுறை கழிந்ததும் பள்ளிகள் முழுவீச்சில் நடக்கும். அந்த நாட்களில் பயணம் வைத்து, பள்ளியில் முன்கூட்டியே அனுமதி கேட்டால் என்ன?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
விருத்தாசலம்.